பின்னப் பட்டை செட்: வாங்கலாம், ஒரு பெட்டி மட்டும் போதாது

வேற்றினப் பின்னங்களின், அதாவது பகுதி (கீழே உள்ள எண்) வேறுவேறாக இருக்கும் பின்னங்களின் கூட்டல் வந்ததும் என் மகள் 3/4-ஐயும் 2/3-ஐயும் கூட்டி 5/7 என்று எழுத ஆரம்பித்தாள். குறுக்கே பெருக்கச் சொன்னால் விடை வந்துவிடும், ஆனால் ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. அதற்காகத்தான் ஃபிராக்‌ஷன் டைல்ஸ் என்று விற்கும் பிளாஸ்டிக் பட்டைகளை வாங்கினேன். மொத்தம் 51 துண்டு. ஒன்று முழுசு, மீதியெல்லாம் 1/2, 1/3, 1/4, 1/5, 1/6, 1/8, 1/10, 1/12.

இதன் அருமை 2 3/4 + 1 2/3 மாதிரி கணக்கில்தான் தெரிகிறது. முழு எண்களைக் கூட்டி 3 என்று நோட்டில் எழுதிவிட்டு, 1/4 துண்டு மூன்றையும் 1/3 துண்டு இரண்டையும் ஒரே வரிசையில் வையுங்கள். அதன் கீழே முழுப் பட்டையை வைத்தால் மேல்வரிசை கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தை ஒரே வகைத் துண்டால் நிரப்பச் சொல்லிப் பிள்ளையைத் தேடவிடுங்கள். 1/8 மூன்று வைத்தால் போதாது, நான்கு வைத்தால் தாண்டிவிடும், 1/10-ம் சரிவராது, 1/12 ஐந்து வைத்ததும் கச்சிதமாக உட்காரும். ஆக 3 + 1 + 5/12, அதாவது 4 5/12. 4-க்கும் 3-க்கும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 12 என்பதை அதற்கப்புறம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். முழுப் பட்டையைவிட நீளமாக இருப்பது எப்படி 5/7 ஆகும் என்று அவளே கேட்டாள், எனக்கு அந்த ஒரு கேள்விக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று.

குறையும் உண்டு. முழுப் பட்டை ஒன்றே ஒன்றுதான், கலப்பு பின்னத்தை முழுசாக அடுக்கிக் காட்ட முடியாது. 1/12 பன்னிரண்டுதான் இருப்பதால் 17/12-ஐ வைத்துக் காட்டவும் வழியில்லை. முடிந்தால் இரண்டு செட் வாங்குங்கள். பகுதி 8, 12 என்று வந்தால் 24 வேண்டும், 3, 5 என்றால் 15 வேண்டும், அந்தத் துண்டுகள் இதில் கிடையாது, நோட்டில்தான் போட வேண்டும். கூடவே வரும் கையேடு வீண், கலப்பு பின்னம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஸ்பாஞ்சு மாதிரி மெத்தென்று இருப்பதை வாங்காதீர்கள். ஓரம் அமுங்கி நீளம் மாறிவிட்டால் 5/12 சரியாகப் பொருந்தாது, பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.