கழுத்தில் அளப்பதா, தொடைவரை போவதா? நாடி விறைப்பும் எங்கள் தெரிவும்

உயர் குருதியமுக்கம் உள்ளவர்களின் நாடிகள் (இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்கள்) எவ்வளவு விறைத்துப் போயிருக்கின்றன என்பதை, இருக்கிற அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தைக் கொண்டே அளக்க வேண்டும் என்று கொழும்பிலுள்ள எங்கள் சிறிய கிளினிக்கில் முடிவெடுத்தபோது, இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. கழுத்துநாடி ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு விரிகிறது என்று பார்ப்பது ஒன்று. துடிப்பலை கழுத்தையும் தொடையையும் வந்தடையும் நேர வித்தியாசத்தை, இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் முறையான டொப்ளரில் பிடித்து அதன் வேகத்தைக் கணிப்பது மற்றது; நாடி விறைக்க விறைக்க அலை வேகமாக ஓடும். நாங்கள் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தோம். கையில் பட்டியைக் கட்டியவுடன் வேகத்தைச் சொல்லிவிடும் கருவிகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவற்றில் சில, அந்த எண்ணைப் பெரும்பாலும் வயதையும் அமுக்கத்தையும் வைத்தே கணிக்கின்றன, அவை இரண்டும் நமக்கு முன்பே தெரிந்தவை.

கழுத்து வழி இலகுவானது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினால் போதும். நாடிச்சுவரின் தடிப்பையும் கொழுப்புப் படிவையும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

ஆனால் அளவிடும் பொருள் மிகச் சிறியது. ஓய்வில் 6.0 மில்லிமீற்றர் விட்டமுள்ள நாடி துடிப்பின்போது 6.4 ஆக விரிகிறது என்றும், அமுக்கம் 140/90 என்றும் வைத்துக்கொள்வோம். இவற்றிலிருந்து கணிக்கும், விறைப்புக் கூடக் கூட ஏறும் பீட்டா எனப்படும் விறைப்புச் சுட்டி ஏறக்குறைய 6.6 வரும். திரையில் குறியை வைக்கும் கை 0.1 மில்லிமீற்றர் பிசகி 6.5 என்று எடுத்தால் அது 5.3 ஆக இறங்கிவிடும், 6.3 என்று எடுத்தால் 8.8 ஆக ஏறிவிடும். அந்தப் பிசகுக்கு ஆய்வுமுனையைச் சற்று அழுத்திப் பிடித்தாலே போதும். பக்கத்திலுள்ள கழுத்து நாளம் நசுங்காமல் திறந்திருக்கும் அளவுக்கு மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளவே எங்களுக்குப் பல வாரங்கள் பிடித்தன. போதாததற்கு, கணக்கில் சேர்வது கழுத்தின் அமுக்கமல்ல, கையில் எடுத்த அமுக்கம். இளவயதினரில் இவை இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு.

டொப்ளர் வழியில், இதயத்தின் மின்பதிவான ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பிலும் கூராக எழும் ஆர் அலையிலிருந்து, கழுத்திலும் பிறகு தொடையிலும் அலை மேலெழத் தொடங்கும் புள்ளி வரையிலான நேரத்தை எடுத்துக் கழிக்கிறோம். கழுத்துக்கும் தொடைக்கும் இடையிலான நேர்த்தூரம் 60 சென்ரிமீற்றர் என்றால் அதன் 80 சதவீதமாகிய 48 ஐக் கணக்கில் எடுக்க வேண்டும். வித்தியாசம் 60 மில்லிசெக்கன் எனில் வேகம் செக்கனுக்கு 8.0 மீற்றர். நேரத்தில் 5 மில்லிசெக்கன் பிசகினாலும் விடை 7.4 க்கும் 8.7 க்கும் இடையில்தான் நிற்கும். பத்துத் துடிப்புகளின் சராசரியை எடுத்தால் பிசகு இன்னும் குறையும். ஆறு மாதம் கழித்து அதே நோயாளியை வேறொருவர் அளக்கும்போது எண் தாவாமல் இருக்க வேண்டும் என்பதே எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. இந்த வேகத்துக்கு ஒப்பிட, அதைத் தாண்டினால் விறைப்பு அதிகம் என்று கொள்ளும் ஒரு எல்லையும் உண்டு: 2007 இல் ஐரோப்பிய வழிகாட்டியில் செக்கனுக்கு 12 மீற்றராக இருந்தது, தூரத்தில் 80 சதவீதத்தை எடுக்கும் முறை வந்தபின் 10 ஆக்கப்பட்டது.

இதற்கும் தொல்லைகள் உண்டு. சேலை கட்டி வரும் அம்மாமாரிடம் தொடையின் மேற்பகுதியில் அளக்க வேண்டும் என்று சொன்னால் முகம் மாறிவிடும்; திரையை இழுத்துவிட்டு, பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் காரியம் நடக்கும். தொப்பையின் மேல் வளைந்து போகும் அளவுநாடா தூரத்தைக் கூட்டி, வேகத்தையும் பொய்யாகக் கூட்டிவிடும்; எனவே உடலுக்கு மேலே நேராகப் பிடித்தே அளக்கிறோம். வெறுவயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டுக் கன்ரீனில் பிளேன்டீ குடித்து வருபவர்களை மூன்று மணித்தியாலம் காக்கவைப்பது இன்னொரு பாடு.

நாடிச்சுவரைத் தானாகவே பின்தொடரும் மென்பொருள் எங்கள் இயந்திரத்தில் இல்லை. அது உள்ள இடத்தில் 0.1 மில்லிமீற்றர் பற்றிய என் புகார் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். அங்கே கழுத்து வழியே மேலாகவும் இருக்கலாம். இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களில் டொப்ளர் முறையைச் சிலரில் மட்டுமே முயன்றிருக்கிறோம், துடிப்புக்குத் துடிப்பு நேரம் மாறியதால் அந்த எண்களை நான் நம்பவில்லை. இந்த வேகத்தை அளக்கும்போது, மாத்திரையால் அமுக்கம் இறங்கினாலே விறைப்பும் குறைந்ததுபோல் தெரியும். ஆகவே கிளினிக் கொப்பியின் உள்மட்டையில், அளந்த தூரத்துக்குக் கீழே, அந்நேரத்து அமுக்கத்தையும் இதயத் துடிப்பையும் சிவப்பு மையில் எழுதிக் கொடுக்கிறோம்.