‘டிபி இல்லை’ என்று எழுதிக் கொடுத்து ஐவிஎஃப் செய்தார்கள்: லூபஸ் உள்ள பெண்கள் கவனத்துக்கு

லூபஸ், முடக்குவாதம், சிறுநீரக மாற்று, எச்ஐவி என்று ஏதோ ஒரு காரணத்தால் எதிர்ப்பு சக்தி குறைந்தவரா நீங்கள்? குழந்தைக்காக சிகிச்சைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் போன கருத்தரிப்பு மையத்தின் பெயரைப் போடவில்லை, நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது.

எனக்கு லூபஸ், அதாவது எதிர்ப்பு சக்தி நம் உடலையே தாக்கும் நோய். அதை அடக்க பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் அசத்தியோபிரினும் பல வருடமாகச் சாப்பிடுகிறேன். நோய் அடங்கியிருந்ததால் கர்ப்பத்துக்கு முயற்சி செய்யலாம் என்றார் லூபஸுக்குப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டர். கரு நிற்கவில்லை. மாதவிடாயும் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு நாள் கறையோடு முடிந்துவிடும். அடிவயிற்றில் மந்தமாக ஒரு வலி. காய்ச்சல் கிடையாது. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவைக்கும் என்பது அந்த மையத்தில் யாருக்குமே தோன்றவில்லை போலிருக்கிறது.

நான் பள்ளியில் படித்தபோது அப்பாவுக்கு டிபி வந்து குணமானது. முதல் நாள் கொடுத்த படிவத்திலேயே அதை எழுதியிருந்தேன். கருக்குழாய் எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு குழாயும் அடைப்பு, மணி கோத்ததுபோல இடையிடையே குறுகியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் டிபி வந்தால் பெரும்பாலும் முதலில் அடிபடுவது கருக்குழாய்தான். அப்புறம் கர்ப்பப்பையின் உள்சுவர். இந்த மணிமாலைத் தோற்றம் டிபியை நினைவூட்ட வேண்டிய அறிகுறி. அவர்களுக்கு நினைவுக்கு வந்தது ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய் முறை.

சரி, டிபி இருக்குமோ என்று நானே கேட்டேன். ‘டிபி பேனல்’ என்று ஒரு பேக்கேஜ் போட்டார்கள். கையில் மாண்டூ ஊசி, நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தத்தில் டிபி ஐஜிஜி, ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி டெஸ்ட். எல்லாம் நெகட்டிவ். “மூணு டெஸ்டும் எடுத்தாச்சேம்மா, டிபி எல்லாம் இல்ல, தைரியமா இருங்க” என்றார் டாக்டர்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாண்டூ ஊசி போட்ட இடம் வீங்குவது நம் எதிர்ப்பு சக்தி செய்கிற வேலை. அந்த சக்தியைக் குறைக்கத்தானே நான் மாத்திரை சாப்பிடுகிறேன்? வீங்காததில் என்ன அதிசயம்! நெஞ்சு எக்ஸ்ரேயும் அப்படித்தான். கிருமி நுரையீரலிலிருந்து ரத்தம் வழியாகக் கருக்குழாய்க்குப் போய்ப் பல வருடம் அடங்கிக் கிடக்கும். அது தலைதூக்கும்போது நுரையீரல் சுத்தமாகக்கூட இருக்கலாம். மூன்றாவதைப் பற்றித் தெரிந்தபோதுதான் எனக்குக் கோபம் தாங்கவில்லை. டிபிக்கான அந்த ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது. 2012 ஜூனில் மத்திய அரசு அந்த கிட்களைத் தயாரிக்கவோ விற்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று தடையே போட்டது. தடை செய்த டெஸ்டைப் பில்லில் தனி வரியாகப் போட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

இதற்கு மேல் ஒன்று. கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி செய்தபோது உள்சுவரிலிருந்து சதை எடுத்தார்கள். எடுத்த மொத்தத்தையும், சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவ டப்பாவில் போட்டுவிட்டார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். அந்தச் சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்சர் டெஸ்ட் செய்ய முடியாது. ‘நாள்பட்ட அழற்சி’ என்று ரிப்போர்ட் வந்தது, ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு டிபியில் வழக்கமாகத் தெரியும் கிரானுலோமா என்ற செல் திரள் சரியாக உருவாகாமலும் போகலாம் என்பதால் அந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து டிபி இல்லை என்று சொல்லவே முடியாது.

அப்புறம் ஐவிஎஃப். 2 லட்சத்துக்கு மேல் போனது. உள்சுவர் தடிக்கவில்லை, ஆனாலும் கருவை வைத்தார்கள், ஒட்டவில்லை. அடுத்த சைக்கிளுக்குத் தள்ளுபடி என்று வாட்ஸ்அப் மட்டும் தவறாமல் வருகிறது.

ஃபைலைப் புரட்டிப் பார்த்த ருமட்டாலஜி டாக்டர், எக்ஸ்ரே ரிப்போர்ட்டிலேயே நிறுத்திவிட்டார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே மாதவிடாய் வருவதற்குச் சற்று முன்னால் வரச் சொன்னார்கள், உள்சுவரில் கிருமி கிடைக்க வாய்ப்பு அப்போதுதான் அதிகமாம். எடுத்த சதையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஃபார்மலினிலும் இன்னொன்றை வெறும் சலைனிலும் போட்டார்கள். சலைன் டப்பா, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் டெஸ்டுக்கும் கல்சருக்கும் போனது. எனக்கு ஜீன்எக்ஸ்பெர்ட்டிலேயே டிபி என்று வந்துவிட்டது. அதில் வராவிட்டாலும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது, இந்த இடத்து டிபியில் கிருமி எண்ணிக்கை குறைவு, கல்சர் முடிவுக்கு 6 வாரம்வரை காத்திருக்க வேண்டும் என்று அங்கிருந்த லேப் அக்கா சொன்னார். ஒரு பைசா வாங்கவில்லை.

மருந்து 6 மாதம், அதுவும் இலவசம். முதல் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு மூன்று. என்னைப் போன்றவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டைக் கல்லீரலில் சீக்கிரம் கரைத்துவிடும் என்பதால் பிரட்னிசலோன் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. சிறுநீரக மாற்று செய்தவர்கள் சாப்பிடுகிற, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவையும் அது ரத்தத்தில் இறக்கிவிடும். ஆகவே டிபி மருந்து எழுதுகிற டாக்டரும் உங்கள் பழைய டாக்டரும் பேசிக்கொள்ளாமல் முதல் மாத்திரையை விழுங்காதீர்கள்.

டிபி குணமாகிவிட்டது. குழாய் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது, தழும்பை மருந்து கரைக்காது. உள்சுவர் எவ்வளவு மீளும் என்று மறுபடி பார்க்க வேண்டும்.

இப்படி மாட்டியிருப்பவர்கள் முதலில் மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. எனக்கு ‘சிஸ்டம் டவுன்’ என்று இழுத்தடித்தார்கள், வக்கீல் கடிதம் போனதும் சிஸ்டம் சரியாகிவிட்டது. பில்லின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். என் வழக்கில் அந்த ‘ஐஜிஜி, ஐஜிஎம்’ வரிதான் பலம் என்கிறார் வக்கீல். டிபி பற்றிய சந்தேகங்களுக்கு அரசின் நிக்ஷய் இலவச எண் 1800-11-6666.