இலவச மென்பொருளுக்கு ஆண்டுதோறும் லைசென்ஸ் பணமா? கடைக்காரர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரில் சின்னக் கடை வைத்திருப்பவர்கள், வீவக அடுக்குமாடி வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்பவர்கள், ரவிக்கை தைப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். "வெப்சைட் போட்டுத் தருகிறேன், எல்லாமே இலவச மென்பொருள்தான், ஆண்டுக்கு ஒரு தடவை லைசென்ஸ் பணம் மட்டும் கட்டினால் போதும்" என்று யாராவது வந்து நின்றால், பேநவ்வில் பணம் அனுப்புவதற்கு முன் பில்லைக் கையில் வாங்கி வரி வரியாகப் படியுங்கள்.

என் அண்ணிக்குத் தேக்கா நிலையத்தின் மாடியில் தையல் கடை. இப்போதெல்லாம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போனிலேயே கழுத்து டிசைனைப் பார்த்து முடிவு செய்துவிட்டுத்தான் துணியோடு வருகிறார்கள். அதனால் சைட் வேண்டும் என்று அண்ணி நினைத்ததில் தப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் 'தொடக்கநிலையினருக்கான வெப்சைட் வகுப்பு' நடத்தும் ஒருவர் தெரிந்தவர் மூலம் அறிமுகமானார். தமிழர்தான். விவகாரம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போயிருப்பதால் பெயரைப் போடவில்லை.

சைட் அமைக்க 900 வெள்ளி. அதில் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. இலவச மென்பொருளை வைத்து வேலை செய்தாலும் வேலை வேலைதான், கூலி வாங்கட்டும். கோளாறு அதற்குக் கீழே இருந்தது. 'ஆண்டுதோறும்' என்று தலைப்புப் போட்டு மூன்று வரிகள்: வேர்ட்பிரஸ் லைசென்ஸ் 180 வெள்ளி, தமிழ் எழுத்துரு உரிமம் 150 வெள்ளி, பாதுகாப்புச் சான்றிதழ் 120 வெள்ளி.

முதல் வரியைப் பார்ப்போம். வேர்ட்பிரஸ் என்பது வெப்சைட் அமைக்க உதவும் மென்பொருள், 2003இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் தொடங்கியது. ஜிபிஎல் என்ற உரிமத்தில் வெளிவருகிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், எத்தனை சைட்டில் வேண்டுமானாலும் போடலாம், உள்ளே கைவைத்து மாற்றலாம். உலகத்தில் உள்ள வெப்சைட்டுகளில் பத்தில் நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. இதற்கு லைசென்ஸ் பணம் என்று யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது மென்பொருள் கிடைக்கும் இடம். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதை வைத்து நடத்தப்படும் சேவை, அதில் காசு கட்டும் திட்டங்கள் உண்டு. இரண்டும் ஒரே பெயரில் இருப்பது இந்த மாதிரி ஆட்களுக்கு நல்ல வசதி. அண்ணி கேட்டபோது அவர் சொன்ன பதில்: "அக்கா, அது அமெரிக்காவுக்குப் போற காசு. நான் அதுல ஒரு வெள்ளிகூட எடுக்கறதில்ல."

அடுத்தது எழுத்துரு. 'தமிழ் எழுத்துருவுக்கு உரிமம் வாங்காவிட்டால் வழக்குப் போடுவார்கள்' என்று பயமுறுத்தியிருக்கிறார். காசுக்கு விற்கும் தமிழ் எழுத்துருக்கள் உண்டுதான். ஆனால் சைட்டில் அவர் போட்டிருந்தது கேட்டமரான். கூகல் ஃபாண்ட்ஸில் சும்மா கிடைப்பது, கடைக்கும் தொழிலுக்கும் பயன்படுத்தலாம் என்று அதன் உரிமத்திலேயே இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர் எல்லாமே அதே கதைதான்.

சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்க உதவுவது சான்றிதழ். அந்தச் சமாசாரத்தை நீங்களே அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். கணினியில் சைட்டைத் திறந்து, முகவரிக்கு இடது ஓரத்தில் இருக்கும் சின்னக் குறியைத் தட்டி, அங்கிருந்து சான்றிதழ் விவரத்துக்குப் போனால் அதை யார் கொடுத்தார்கள் என்று காட்டும். அண்ணியுடையதில் லெட்ஸ் என்கிரிப்ட் என்று இருந்தது. அது 2015 முதல் சான்றிதழ்களை இலவசமாகக் கொடுத்துவரும் லாப நோக்கமில்லாத அமைப்பு. சான்றிதழ் 90 நாளுக்குத்தான் செல்லும், ஆனால் சர்வர் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அந்த 120 வெள்ளிக்கு மனிதர் ஒரு பொத்தானைக்கூட அழுத்தவில்லை.

இதோடு போயிருந்தால் பணம் போனது போகட்டும் என்று விட்டிருப்போம். தீபாவளி நேரத்தில்தான் பெரிய இடி. கூகலில் கடைப் பெயரைத் தேடி, போனில் தட்டினால் சூதாட்டத் தளம் திறக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். அண்ணி தன் போனில் முகவரியை நேராக அடித்துப் பார்த்தால் சைட் ஒழுங்காக இருக்கிறது. சைட் போட்டவருக்கு போன் செய்தால், "கஸ்டமர் போன்லதான் வைரஸ் அக்கா, புது போன் வாங்கச் சொல்லுங்க" என்று சிரிக்கிறார்.

வைரஸ் போனில் இல்லை. இந்த வகை நச்சு நிரல், கூகல் வழியாக வருகிறவர்களை மட்டும், அதிலும் போனில் வருகிறவர்களை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிடும். முகவரியை நேராக அடிக்கும் கடைக்காரர் கண்ணில் படாது. உங்களுக்கும் சந்தேகம் வந்தால் போன் பிரவுசரில் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தைத் திறந்து, கூகலில் தேடி, அங்கிருந்து தட்டிப் பாருங்கள்.

நான் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் அங்கேயும் ஒரு தடை. அண்ணிக்குக் கொடுத்திருந்த கணக்கில் நுழைந்தால் இடப்பக்கம் பதிவுகள், ஊடகம், பக்கங்கள், மறுமொழிகள் என்று பட்டியல் வருகிறது. சைட்டுக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருளான பிளகின் என்ற வரியே இல்லை. காரணம், அது 'எடிட்டர்' கணக்கு. எழுதலாம், படம் மாற்றலாம். என்ன மென்பொருள் ஓடுகிறது என்று பார்க்க முடியாது. எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் கணக்கு சைட் போட்டவரிடம் மட்டும். கடை அண்ணியுடையது, சாவி வேறொருவர் பாக்கெட்டில்.

பல நாள் கெஞ்சலுக்குப் பிறகு சைட்டின் கோப்புகளின் நகல் கிடைத்தது. பக்கத்தை வடிவமைக்கும் பிளகின் ஒன்று, காசு கொடுத்து வாங்க வேண்டிய பதிப்பு, 'நல்டு' ரகமாக இருந்தது. உரிமச் சோதனையை வெட்டி எடுத்துவிட்டு, ஏதாவது ஒரு தளத்தில் இலவசம் என்று போட்டிருப்பார்களே, அந்த ரகம். வெட்டியவர்கள் புண்ணியத்துக்குச் செய்வதில்லை. பிறகு ரகசியமாக நுழைய உள்ளே தங்களுக்கு ஒரு பின்கதவு வைத்துவிடுவார்கள். டபிள்யூபி-விசிடி என்று பெயர் வாங்கிய நச்சு நிரல் இப்படித்தான் ஊரெல்லாம் பரவியது என்று வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019இல் விவரமாக அறிக்கை வெளியிட்டிருக்கிறது. இன்னொரு ஆபத்து, இந்த மாதிரி பிளகினுக்கு முறையான அப்டேட் வராது. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு உலகமே அடைத்த பிறகும் உங்கள் சைட்டில் மட்டும் திறந்தே கிடக்கும். அப்படியானால் அண்ணி கட்டிய லைசென்ஸ் பணம்? இலவசமானதற்கு அந்த மனிதர் லைசென்ஸ் பணம் வாங்கியிருக்கிறார், லைசென்ஸ் தேவைப்பட்டதைத் திருடிப் போட்டிருக்கிறார்.

சைட் முகவரியை எங்களுக்கு மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டபோதுதான் கடைசிக் குண்டு. டாட் காம் முகவரியைத் தன் கணக்கில், தன் ஈமெயிலில் பதிந்திருக்கிறார். விட்டுக்கொடுக்க 600 வெள்ளி 'விடுவிப்புக் கட்டணம்' என்றார். ஒரு டாட் காம் முகவரிக்குப் பதிவு நிறுவனங்கள் ஆண்டுக்கு வாங்குவது பொதுவாகப் பத்துப் பதினைந்து அமெரிக்க வெள்ளி. முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று பொதுவில் தேடினாலும் 2018க்குப் பிறகு தனியுரிமை காரணமாக விவரங்கள் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: புதுப்பிக்கச் சொல்லும் ஈமெயில் யாருக்கு வருகிறது? உங்களுக்கு வராவிட்டால் முகவரி உங்களுடையது இல்லை.

இப்போது அண்ணி கடைக்கு டாட் காம் டாட் எஸ்ஜி முகவரி எடுத்துவிட்டோம். தொழில்களைப் பதியும் அக்ரா போன்ற அமைப்பில் பதிந்த தொழிலுக்குத்தான் அது கிடைக்கும். பதிந்த பிறகு 21 நாளுக்குள் பொறுப்பாளர் அரசின் அடையாளச் சேவையான சிங்பாஸ் மூலம் தன்னை உறுதிப்படுத்தாவிட்டால் முகவரியை நிறுத்திவைப்பார்கள். அண்ணி கடையில் உட்கார்ந்தே தன் போனில் செய்து முடித்தார். இடையில் ஒருவர் புகுந்து தன் பெயரில் எழுதிக்கொள்வது இதில் அவ்வளவு எளிதில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் யாருக்கும் காசு கொடுக்காமல் விளையாடிப் பாருங்கள். வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம், கெடுத்துவிட்டாலும் நட்டமில்லை. பிளகின், சைட்டின் தோற்றத்தைத் தரும் தீம் எதுவானாலும் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் கிடங்கிலிருந்தே எடுங்கள். அங்கே கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, எந்தப் பதிப்புவரை சோதிக்கப்பட்டது என்று ஓரத்திலேயே போட்டிருக்கும். புதுப்பித்து ஆண்டுக்கணக்கானதைத் தொடாதீர்கள். காசுப் பதிப்புதான் வேண்டும் என்றால் செய்தவர்களிடமே, உங்கள் ஈமெயிலில் வாங்குங்கள்.

பட வேலைக்கு கிம்ப், கோப்பு ஏற்ற ஃபைல்ஜில்லா போன்றவற்றையும் அவரவர் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். அங்கேயும் 'அடுத்து, அடுத்து' என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டாதீர்கள், கூடவே வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டு வரலாம். 2015இல் மென்பொருள் இறக்கித் தரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் இருந்த கிம்ப் நிறுவியிலேயே விளம்பர மென்பொருளைச் சேர்த்துவிட்டார்கள் என்று பெரிய ரகளை நடந்தது. இன்னொன்று, தையல் கடைக்கு விலைப் பட்டியல், நாலு படம், வாட்ஸ்அப் எண், கடை நேரம் இருந்தால் போதும். இதற்கு வேர்ட்பிரஸே அதிகம் என்பது என் கட்சி. அண்ணியின் புது சைட் ஒரே பக்கம், பிளகின் ஒன்றும் கிடையாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பயனீட்டாளர் சங்கமான கேஸ் (CASE), தனிப்பட்ட பயனீட்டாளர்களுக்கானது. கடைக்காக வாங்கிய சேவை என்றால் அவர்கள் எடுப்பதில்லை. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் எடுக்கும். 20,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை, வரவும் முடியாது. மனுவை இணையத்திலேயே கொடுக்கலாம். பில், பேநவ் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள்; எங்களிடம் இருந்த முக்கியமான சான்று அந்த மூன்று வரி பில்தான்.

மனுக் கொடுத்த வாரமே அவரிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, மனுவை வாபஸ் வாங்குங்க, டொமைனை ஃப்ரீயாவே மாத்தித் தர்றேன்." முதலில் முகவரி எங்கள் கணக்குக்கு வரட்டும், அப்புறம் பேசலாம் என்று அண்ணி பதில் போட்டிருக்கிறார். பழைய டாட் காம் முகவரி இன்னும் அவர் கையில்தான். அண்ணி கடையின் பழைய அட்டை உங்கள் வீட்டில் கிடந்தால் அதிலுள்ள கியூஆரை ஸ்கேன் செய்யாதீர்கள், அந்த நச்சு நிரல் புகுந்த பழைய முகவரிக்குத்தான் போகும். புது அட்டை கடையில் இருக்கிறது, வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.