ஃபைபர் வண்டியும் எர்த் ஒயரும்: ஒரு பழைய சான் ஸ்டார்ம் அனுபவம்

தர்மபுரி நண்பர் ஒருவர் கேட்டார்: பெங்களூரில் ஒரு சான் ஸ்டார்ம், நம் நாட்டிலேயே செய்த அந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார், விலைக்கு வருகிறது, பெயிண்ட் நன்றாக இருக்கிறது, வாங்கலாமா? என் சான் ஸ்டார்ம் எலக்ட்ரீஷியன் கடையிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தது. அந்தச் சூடு இந்தப் பதிவில் இருக்கும். அதற்காக எதையும் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

இரண்டு சீட், ஃபைபர் உடம்பு, ரெனோவின் 1149 சிசி இஞ்சின், 60 குதிரைத்திறன். இதெல்லாம் அவருக்குத் தெரியும், இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியும். நான் சொல்ல வருவது எந்த விளம்பரத்திலும் வராத ஒரு விஷயம். எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் இணைப்பு.

சாதாரண காரில் உடம்பே ஒயர். பேட்டரியின் நெகட்டிவை பாடியில் பூட்டிவிட்டால் விளக்கு, ஹார்ன், வைப்பர் மோட்டார் எல்லாவற்றுக்கும் திரும்பும் பாதை தகரம் வழியாகவே கிடைத்துவிடும். பின்னால் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூவைப் போட்டு எர்த் கொடுத்தால் வேலை முடிந்தது. ஃபைபரில் மின்சாரம் போகாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் போகிற ஒயர் ஒன்று, திரும்பி வருகிற ஒயர் ஒன்று. திரும்பி வருகிறவை எல்லாம் நாலைந்து இடத்தில் ஒன்றுசேர்ந்து, அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில், அதாவது சேஸிஸில், போல்ட் போட்டு முடிகின்றன. வண்டி புதிதாக இருக்கும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. இருபது வருடம் மழையும் தூசியும் பட்ட பிறகு அந்த போல்ட்டுகளின் அடியில் துரு பிடிக்கிறது, ஒயர் முனையில் மாட்டியிருக்கும் உலோக வளையமான லக்கில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. உடம்பு துருப்பிடிக்காது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது, துரு போய் உட்கார்ந்திருக்கிற இடம் அதுதான்.

இதை இந்தக் காரின் குறை என்று எழுதினால் அநியாயம். 1953-ல் வந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் முதல் கார்வெட்டும் ஃபைபர்தான், 1962-ல் வந்த இங்கிலாந்தின் லோட்டஸ் எலானும் ஃபைபர்தான். அவற்றை வைத்திருக்கிறவர்களும் இதே எர்த்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பொருளின் குணம் அது. தயாரித்தவர்கள் கொடுக்க வேண்டிய ஒயரைக் கொடுத்துத்தான் இருக்கிறார்கள்.

என் கோபம் இடையில் என் வண்டியில் கை வைத்த ஒருவர் மேல். யாரென்று தெரியாது. பின் விளக்குகளின் கறுப்பு எர்த் ஒயர்களை எல்லாம் ஒன்றாக முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, டிக்கிக் கீல் போல்ட்டில் பூட்டி வைத்திருந்தார். அந்த போல்ட் ஃபைபருக்குள் முடிகிறது. அதற்கும் சேஸிஸுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அப்படியும் விளக்கு எரிந்தது! மின்சாரம் எப்படியோ ஒரு வழி தேடிக்கொள்ளும். பிரேக்கை மிதித்தால் பிரேக்குக்கான 21 வாட் இழைக்கு வந்த மின்சாரம் அதே பல்பின் பார்க்கிங்குக்கான 5 வாட் இழைக்குள் திரும்பப் புகுந்து, பார்க்கிங் லைன் வழியாக நம்பர் பிளேட் விளக்குக்குப் போய், அதன் எர்த்தில் இறங்குகிறது. வெளியே பார்த்தால் பிரேக் விளக்கு மங்கலாக, பார்க்கிங் போட்டது போலத் தெரியும். இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து துடிக்கும். பின்னால் லோடு லாரி வருகிறது, தொப்பூர் கணவாயில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி டிரைவரின் கண்ணுக்கு ஏற்கெனவே இந்த வண்டி ஏறத்தாழத் தெரியாத உயரம். பிரேக் விளக்கு ஒன்றுதான் நாம் அங்கே இருக்கிறோம் என்று அவருக்குச் சொல்வது. டேப் சுற்றிய அந்த முடிச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பின்பக்கத்தைச் சரிசெய்து நிம்மதியாக இருந்தபோதுதான் முன்பக்கம் ஆரம்பித்தது. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும், அணைத்தால் இறங்கும். இஞ்சின் சூடாகவே இல்லை. மீட்டர் போர்டின் எர்த்தும் ஹெட்லைட்டின் எர்த்தும் ஒரே லக்கில் சேர்ந்திருந்தன, அந்த லக் தளர்ந்திருந்தது. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்கும் காட்டுப் பாதையில் ஒரு ராத்திரி இது முற்றிவிட்டது. வெளிச்சம் மஞ்சளாகி, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ராகி அறுப்புக் காலம், யானை ரோட்டுக்கு வருகிற இடம். அங்கே நிறுத்தவும் முடியாது, வேகமாகப் போகவும் முடியாது. நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து துடிக்கும் ஹாசர்டைப் போட்டால் ஹெட்லைட்டும் அதோடு சேர்ந்து துடித்தது. மேற்கூரை துணி, பக்கத்தில் ஆள் இல்லை. அஞ்செட்டியில் முதல் டீக்கடை வெளிச்சம் தெரிகிறவரை எப்படி வந்தேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை.

ஒரு தளர்ந்த லக் இவ்வளவு செய்யுமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கு சொல்கிறேன். 55 வாட் பல்ப் இரண்டு எரியும்போது சுமார் 9 ஆம்பியர் ஓடுகிறது. துருப்பிடித்த இணைப்பில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் போதும், ஒரு வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். ஹாலோஜன் பல்புக்கு வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். இரண்டு வோல்ட் போனால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இதில் மோசமானது என்னவென்றால், ஃபியூஸ் போகாது. பல்ப் போகாது. கழற்றிப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். டெஸ்ட் லாம்ப் வைத்தாலும் எரியும், ஏனென்றால் அது இழுப்பது கொஞ்ச மின்சாரம். அதனால்தான் ஆட்களை மாற்றி மாற்றிக் காட்டினாலும் "எல்லாம் ஓகே சார்" என்ற பதிலே வருகிறது.

கிருஷ்ணகிரி பக்கம் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குப் பஞ்சமில்லை. நெடுஞ்சாலையில் லாரி ஓடுகிற ஊர், ராத்திரி இரண்டு மணிக்கும் கடை திறந்திருக்கும். ஆனால் அவர்கள் கை பழகியது இரும்பில். என் வண்டியைப் பார்த்த அண்ணன் ஒருவர் பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "எர்த் எங்கங்க எடுக்கறது?" சரியான கேள்வி. அதைக் கேட்டவரிடமே வேலையைக் கொடுத்தேன். கேட்காமல் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவரிடம் ஃபைபர் வண்டியை விடக் கூடாது.

அவர் செய்தது இது. பேட்டரி நெகட்டிவ் பக்கத்தில் ஒரு செப்புப் பட்டை. அதிலிருந்து முன் விளக்குக்கு, மீட்டர் போர்டுக்கு, ரேடியேட்டர் ஃபேனுக்கு, பின்பக்கத்துக்குத் தனித்தனியாகத் தடித்த கறுப்பு ஒயர். ஒன்றின் மின்சாரம் இன்னொன்றின் பாதையில் போகவே கூடாது என்பதுதான் அவர் வைத்த விதி. ஒவ்வொரு முனையிலும் ரிங் லக் அழுத்தி, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, மேலே வாசலின் தடவினார். இஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் புதுப் பின்னல் பட்டை. இந்தப் பட்டை ரொம்ப முக்கியம். அது அறுந்துவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மொத்த மின்சாரமும் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகி உறையே உருகிவிடும். ஹெட்லைட்டுக்கு ரிலேயும், அதாவது பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுக்கும் மின் ஸ்விட்ச்சும், போட்டார். கூலியில் அவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன், அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இப்போது வெளிச்சம் வெள்ளையாக இருக்கிறது. டெம்பரேச்சர் முள் நகரவில்லை. ஆனால் பெட்ரோல் முள் மட்டும் வளைவில் திரும்பும்போது காலி என்று விழுகிறது. பெட்ரோல் டேங்குக்குள் அளவு பார்த்து முள்ளுக்குச் சொல்லும் கருவியின் எர்த். அது எங்கே போய் முடிகிறது என்று தேட உட்கார வேண்டும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். நல்லது சாதாரண நல்லது இல்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகும் ரோடு. காலை ஆறு மணி, தக்காளி வண்டிகள் மண்டிக்கு வந்து சேர்ந்து ரோடு ஓய்ந்திருக்கும் நேரம். மாந்தோப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. அங்கே இந்த வண்டியை மூன்றாவது கியரில் விட்டுப் பாருங்கள். 60 குதிரைத்திறன் என்றால் இன்றைக்குச் சிரிப்பார்கள், குடும்பக் கார்களே அதைத் தாண்டிவிட்டன. ஆனால் சுமப்பதற்குக் கனமே இல்லாதபோது அந்த அறுபது போதும். வளைவுக்கு முன்னால் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், திருப்பிய உடனே மூக்கு உள்ளே போகிறது. சாய்வு இல்லை, அலைச்சல் இல்லை. ரோட்டில் கிடக்கிற சரளை எந்தச் சக்கரத்தின் கீழே போகிறது என்று கைக்குத் தெரிகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே மனசு நிறைந்துவிடுகிறது. பெரிய கார்களில் இதே சுகத்துக்கு நூற்றிருபது போக வேண்டும், அதற்கு நம் ரோட்டில் இடமில்லை, போகவும் கூடாது. ராயக்கோட்டைக் கோட்டை மலை கண்ணில் படும்போது ரோடு முடிந்துவிட்டதே என்று இருக்கும். கெலமங்கலம் வரை போய்த் திரும்பி வருவேன்.

டயர், பிரேக் பேட் எல்லாம் மெதுவாகத்தான் தேய்கின்றன. கனம் இல்லாததன் லாபம் அது. இஞ்சின் ஐரோப்பாவில் ரெனோவின் கிளியோ, ட்விங்கோ கார்களிலும் ஓடியது, அதனால் ஃபில்டர், பெல்ட், பிளக் எல்லாம் அந்தப் பெயர்களில் தேடினால் கிடைக்கும். வந்து சேரத்தான் பொறுமை வேண்டும். முன் கண்ணாடி, கதவு ரப்பர் மாதிரி இந்தக் காருக்கே உரியவை போனால்தான் திண்டாட்டம்.

பாடி வேலை எளிது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். டிங்கரிங்கே கிடையாது. தண்ணீர்த் தொட்டியும் பாத்ரூம் கதவும் செய்கிற ஃபைபர் பட்டறையில் முன் பம்பர் விரிசலை அடைத்துத் தந்தார்கள். மேல் பூச்சான பழைய ஜெல் கோட்டைத் தேய்த்து எடுத்து, உள்பக்கம் கண்ணாடி இழை மேட் வைத்து ரெசின் பூசினார்கள். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரைக் கலப்பதில் மட்டும் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. ஓசூரில் மார்கழிக் குளிருக்கு ரெசின் இறுகவே நேரமாகும். தர்மபுரியில் சித்திரை வெயிலுக்கு அதே அளவு கலந்தால் பிரஷ்ஷிலேயே இறுகிவிடும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்நாடக வண்டியென்றால் அங்கே என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். பதினைந்து வருடம் தாண்டியதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆகிவிட்டது. ஆர்டிஓ இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது விளக்குகளைத்தான். ஆக, மறுபடியும் எர்த்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மேலே ராயக்கோட்டை ரோடு பற்றி எழுதியது அத்தனையும் உண்மை, அப்படியும் வேண்டாம். உங்களுக்கு வேலை ராத்திரி முடிகிறது, வீடு தொப்பூர்ப் பக்கம். விளக்கை நம்ப முடியாத வண்டியில் அந்த இறக்கத்தில் நீங்கள் வருவதை நான் விரும்பவில்லை. ஒயரிங்கை முழுதாக மாற்றிய வண்டி என்று யாராவது காட்டினால் அப்போது பேசலாம்.

எப்படியும் போய்ப் பார்ப்பீர்கள், தெரியும். ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஹெட்லைட், பார்க்கிங், ஃபேன் எல்லாம் ஓட, பக்கத்தில் ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்கட்டும். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை ஒவ்வொரு விளக்கின் எர்த் பின்னிலும். கால் வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. ஒரு வோல்ட் தாண்டினால் முழு ஒயரிங் செலவையும் கழித்து விலை பேசுங்கள், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பஸ் ஏறிவிடுங்கள். இதையெல்லாம் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஓட்டிப் பார்த்த பிறகு மீட்டர் என்ன காட்டினாலும் உங்கள் கண்ணில் படாது.