டீலக்ஸ் பெட்டிக்குள் டிஸ்க் இல்லை: முன்பதிவு செய்யும் முன் படிக்கவும்

புதிய வீடியோ கேம் ஒன்றின் டீலக்ஸ் பதிப்பை, வெளியீட்டுக்கு நான்கு மாதங்கள் முன்பே முழுத் தொகையும் கட்டி முன்பதிவு செய்திருந்தேன். கடைசியில், வெளியீட்டு நாளன்று சாதாரணப் பதிப்பை இணையத்தில் வாங்கியவர்களைவிடத் தாமதமாகத்தான் விளையாடத் தொடங்கினேன். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் விளையாட்டின் பெயரையோ விற்றவர்களின் பெயரையோ இங்கே சொல்லவில்லை. எப்படியும் இதே ஏற்பாட்டைப் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன என்பதால், பெயரைக் காட்டிலும் நடந்த விதத்தைச் சொல்வதே மற்றவர்களுக்குப் பயன்படும்.

சாதாரணப் பதிப்பைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விலை. அந்தக் கூடுதல் தொகைக்கு மூன்று நாட்கள் முன்கூட்டியே விளையாடும் அனுமதி, வேறெந்தப் பதிப்பிலும் இல்லாத தனி மிஷன் (விளையாட்டுக்குள் ஆடி முடிக்க வேண்டிய ஒரு பணி) ஒன்று, படம் பொறித்த ஸ்டீல் பெட்டி ஆகியவை கிடைக்கும் என்று விளம்பரம் சொன்னது. பெட்டிகளை அலமாரியில் வரிசையாக அடுக்கிவைத்து அழகு பார்க்கும் ஆள் நான். உண்மையைச் சொன்னால் என்னை விழவைத்தது அந்த ஸ்டீல் பெட்டிதான்.

பெட்டி வெளியீட்டு நாளன்று மாலையில் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தேன். இடப்பக்கம் கதாநாயகியின் ஓவியம். வலப்பக்கம் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும் வட்டக் குழியும் நடுவில் பல் போன்ற கொக்கிகளும் இருந்தன, ஆனால் டிஸ்க் இல்லை. குழியின் மேல் அஞ்சலட்டையில் பாதியளவு தாள் ஒன்று செருகப்பட்டிருக்க, அதில் விளையாட்டைப் பதிவிறக்குவதற்கான, பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட கோட் (ரகசியக் குறியீடு) அச்சிடப்பட்டிருந்தது. பெட்டியைச் சுற்றியிருந்த அட்டை உறையின் பின்புறத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான், டிஸ்க் கிடையாது, பதிவிறக்கத்துக்கு இணைய இணைப்பு தேவை என்ற ஒற்றை வரி எறும்பு ஊர்ந்தது போல எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. விற்பனைப் பக்கத்தில் முன்புறப் படம் மட்டுமே இருந்ததால், அந்த வரியை வாங்குவதற்கு முன் பார்க்க வழியே இல்லை.

இதைவிட விந்தையானது அந்த மூன்று நாள் சலுகை. முன்கூட்டியே விளையாடுவதற்கான அனுமதியும் அதே கோட்டில்தான் இருந்தது. கோட் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியையோ வெளியீட்டு நாளுக்கு முன் யார் கைக்கும் சேராதபடிதான் அனுப்புவோம் என்பது விற்பனையாளரின் விதி. ஆக, பெட்டியாக வாங்கிய எவருக்கும் அந்தச் சலுகை கிடைத்திருக்கவே முடியாது என்பது பணம் வாங்கிய நாளிலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோட்டைப் பதிந்து, நூறு ஜிபிக்கும் மேற்பட்ட பதிவிறக்கம் முடிந்து, நான் விளையாட உட்கார்ந்தபோது மறுநாள் மதியம் ஆகிவிட்டது.

தனி மிஷன் இருபத்தைந்து நிமிடங்களில் முடிந்தது. முதன்மைக் கதையில் ஏற்கெனவே மோதிய எதிரிகளுக்கே நிறம் மாற்றி ஒரு கோபுரத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள். ஆறாவது வாரத்தில் அதே மிஷன், சில உடைகளையும் சேர்த்து, சிறு தொகைக்கு எல்லோருக்கும் விற்பனைக்கு வந்தது. விளம்பரத்தில் ‘பிரத்யேகம்’ என்ற சொல்லின் தலைமேல் ஒரு நட்சத்திரக்குறி இருந்ததையும், அது பக்கத்தின் அடியில் ‘கால வரம்புக்கு உட்பட்டது’ என்ற குறிப்புக்கு இட்டுச் சென்றதையும் அப்போதுதான் கவனித்தேன். கவனிக்காதது என் பிழைதான். இந்தத் துறையில் இது புதிதும் அல்ல. 2015இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்கு மட்டும் என்று வந்த ‘ரைஸ் ஆஃப் தி டூம் ரெய்டர்’ மறு ஆண்டே போட்டிக் கருவியான பிளேஸ்டேஷன் 4க்கும் வந்தது. 2023இல் வெளியான ‘ஹாக்வார்ட்ஸ் லெகசி’யில் பிளேஸ்டேஷன்காரர்களுக்கு மட்டும் இருந்த பேய்க்கடைப் பகுதி 2024இல் மற்றவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ‘பிரத்யேகம்’ என்று எங்கே கண்டாலும் எத்தனை மாதத்துக்கு என்று தேடிப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்த உள்ளடக்கத்துக்கு மதிப்பே இல்லை என்று கணக்கிட்டு விலையை எடைபோடுங்கள்.

முன்கூட்டிய அனுமதியைப் பற்றி விளையாடுபவர்களிடையே இரு கருத்துகள் உண்டு. 2023இல் ‘ஸ்டார்ஃபீல்ட்’ விளையாட்டின் பிரீமியம் பதிப்பு ஐந்து நாட்கள் முன்னதாகத் தரப்பட்டபோது, வசதி உள்ளவர் கொடுக்கட்டுமே, நமக்கென்ன என்று வாதிட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டம் தயாராகிவிட்டது, எல்லோரையும் வாசலில் நிறுத்திவைத்து, உள்ளே முதலில் நுழைய ஒரு கட்டணம் வசூலிக்கிறார்கள், அவ்வளவே. முன்பதிவு என்ற பழக்கம் டிஸ்க்குகள் தீர்ந்துபோகும் என்ற அச்சத்தில் பிறந்தது. தீர்ந்துபோகவே முடியாத ஒரு கோட்டுக்கு நான்கு மாதங்கள் முன்பே பணத்தை முடக்கிய என் அறிவை என்னவென்பது?

பணத்தைத் திரும்பப் பெற முயன்றபோது பந்தாடப்பட்டேன். கோட் பதியப்பட்டுவிட்டதால் பெட்டியைத் திரும்பப் பெற இயலாது என்றார் விற்பனையாளர். விற்றவரிடமே கேளுங்கள் என்றது வெளியீட்டு நிறுவனம். எங்களிடம் வாங்கியதல்லவே என்றது கன்சோலின் (விளையாட்டுக் கருவியின்) இணையக்கடை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக்கடையில் நேரடியாக வாங்கியிருந்தால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்கும் பட்சத்தில், கேட்டாலே பணம் திரும்பிவிடும் என்ற தெளிவான விதி இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே விளையாடும் நேரமும் அந்த 2 மணிக் கணக்கில் சேரும் என்று 2024இல் அங்கும் மாற்றிவிட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியாகத்தான் வேண்டும் என்பவர்கள், பின்புறப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 2025இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவியில்கூட, ஆட்டம் முழுமையாக இல்லாமல் பதிவிறக்கத்துக்கான சாவியாக மட்டும் இருக்கும் விளையாட்டுக் கார்டுகள் உண்டு. அவற்றில் குறைந்தபட்சம் பெட்டியின் முகப்பிலேயே அதைச் சொல்லிவிடுகிறார்கள்.

என்னைப் போல ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், விற்பனைப் பக்கத்தை அது மாற்றப்படுவதற்குள் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; என் விஷயத்தில் மூன்றாம் நாளே ‘முன்கூட்டிய அனுமதி’ என்ற வரி பக்கத்திலிருந்து காணாமல் போனது. பணம் கட்டிய கார்டை வழங்கிய வங்கியிடம், அந்தக் கட்டணத்தை மறுத்துப் பணத்தைத் திருப்பித் தரக் கோரலாம். ஆனால் கன்சோலின் இணையக்கடையிலேயே நேரடியாக வாங்கியிருந்தால், அப்படிக் கோருவதால் உங்கள் கணக்கே முடக்கப்பட்டு, அதிலுள்ள பழைய விளையாட்டுகளும் கைவிட்டுப்போகக் கூடும் என்பதால் முதலில் அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். எனக்கு அந்த இடர் இல்லாததால், படங்களையும் பெட்டி வந்து சேர்ந்த நாளுக்கான ரசீதையும் இணைத்து வங்கிக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.