டா வின்சியின் நான்கு பறக்கும் யோசனைகள்: எது தேறும்?

லியோனார்டோ டா வின்சிக்குப் பறக்கும் ஆசை கொஞ்சம் முற்றிப்போன ஆசை. கூண்டில் விற்கும் பறவைகளைக் கேட்ட விலை கொடுத்து வாங்கி, அங்கேயே கூண்டைத் திறந்து விட்டுவிடுவாராம். தொட்டிலில் கிடந்தபோது ஒரு பருந்து வந்து வாலால் தன் வாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது என்றும் எழுதி வைத்திருக்கிறார். (நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்!) 1452-இல் இத்தாலியில் பிறந்த அவர், மனிதன் பறப்பதற்காக வரைந்த படங்கள் ஏராளம். அவற்றில் நான்கை எடுத்து மோதவிட்டுப் பார்ப்போம்: அடிக்கும் சிறகு, சுழலும் திருகு, பிரமிடு பாராசூட், கிளைடர் (எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து செல்லும் விமானம்).

நான்குக்கும் கேட்கப்போவது ஒரே கேள்வி. ஆளைக் காற்றில் தாங்குகிற வேலையை யார் செய்கிறார்கள்? உள்ளே இருக்கும் ஆளா, வெளியே இருக்கும் காற்றா?

முதலில் சிறகு. 1480-களின் கடைசியில் மிலான் நகரத்தில் இருந்தபோது இதில்தான் அவர் மூழ்கிக் கிடந்தார். வெளவாலைப் பார்த்துச் செய்யுங்கள் என்பது அவர் யோசனை. பறவையின் இறகுகளுக்கு இடையே காற்று புகுந்து போகும், வெளவாலின் தோல் சிறகில் அந்த இடைவெளி கிடையாது. ஒரு படத்தில் ஆள் குப்புறப் படுத்துக் காலால் மிதிக்கிறார். இன்னொன்றில் நின்றுகொண்டு கை, கால் போதாதென்று தலையாலும் முட்டித் தள்ளுகிறார். பாவம்!

எங்கே இடிக்கிறது? புறாவின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நெஞ்சுத் தசை மட்டுமே. சிறகை அடிப்பதற்கென்றே வளர்ந்த தசை அது. நமக்கு அது கிடையாது. போதாக்குறைக்கு மரம், தோல், கயிறு எல்லாவற்றின் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டும். விழுந்துவிடலாம் என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. ஏரிக்கு மேலே சோதித்துப் பாருங்கள், நீளமான தோல்பையை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், விழுந்தாலும் மூழ்க மாட்டீர்கள் என்று எழுதியிருக்கிறார்.

2010-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று சிறகடிக்கும் விமானத்தை உண்மையிலேயே பறக்க வைத்தது. சிறகு நுனியிலிருந்து நுனி வரை 32 மீட்டர், விமானத்தின் எடையோ 43 கிலோதான். முதலில் ஒரு கார் இழுத்து மேலே ஏற்றிவிட்டது. அதன்பிறகு உள்ளே இருந்தவர் காலால் உதைத்து உதைத்துச் சிறகடித்தார். 19.3 விநாடி தாக்குப்பிடித்தது. கார்பன் இழை எல்லாம் கைக்கு வந்த பிறகும் அவ்வளவுதான்.

அடுத்து, நான்கிலும் பிரபலமான திருகு. ‘ஹெலிகாப்டரின் தாத்தா’ என்று இதைத்தான் காட்டுவார்கள். எனக்கு இதன்மேல் அவ்வளவு மரியாதை இல்லை. திருகாணி மாதிரி நடுத்தண்டைச் சுற்றிச் சுருண்டு ஏறும் துணி, தண்டிலிருந்து விளிம்பு வரை ஏறக்குறைய ஐந்து மீட்டர். துணியின் துளைகளைக் கஞ்சி போட்டு அடைக்க வேண்டும். வேகமாகச் சுற்றினால் காற்றைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறும் என்பது கணக்கு. யார் சுற்றுவது? படத்தில் ஆளே இல்லை. கீழே உள்ள மேடையில் ஆட்கள் நின்று சுற்றுவார்கள் என்று பிற்காலத்தில் விளக்கம் சொன்னார்கள். அப்படிச் சுற்றினால் என்ன ஆகும் தெரியுமா? சுழல்நாற்காலியில் உட்கார்ந்து, கால் தரையில் படாமல், பக்கத்து மேசையை ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். நாற்காலி எதிர்ப்பக்கம் திரும்பும். அதேபோல், திருகு ஒரு பக்கம் சுற்ற, தரையை விட்டுக் கிளம்பிய மேடை மறுபக்கம் சுற்றும்.

ஆனாலும் தாத்தா முழுத் தோல்வி இல்லை. 2022-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், நான்கு சின்னத் திருகுகள் வைத்த ட்ரோன் ஒன்றை மேலே எழுப்பிக் காட்டினார்கள். மின்மோட்டாரால்தான், ஆள் பலத்தால் இல்லை.

பாராசூட்டுக்கு வந்தால் கதையே மாறுகிறது. 1485 வாக்கில் வரைந்தது. நாலு பக்கமும் சரிந்த பிரமிடு மாதிரி ஒரு துணிக்கூடாரம், அகலமும் உயரமும் ஏழு மீட்டர் அளவில். இதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் அடிபடாது என்கிறார். இங்கே ஆள் தொங்கினால் போதும், மிச்ச வேலை காற்றுடையது.

2000-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஏட்ரியன் நிக்கலஸ், மரச்சட்டமும் தடித்த துணியுமாக இதைச் செய்து, தென்னாப்பிரிக்காவில் 3,000 மீட்டர் உயரத்தில் பலூனிலிருந்து இறங்கினார். வேலைக்கு ஆகாது என்று சொன்னவர்கள் உண்டு. அது பதவிசாக இறங்கியது. ஒரே சிக்கல், கூடாரத்தின் எடை 85 கிலோ. தரை தொடும்போது தலையில் விழுந்தால் நசுக்கிவிடும். அதனால் பாதி வழிக்கு மேல் வந்ததும் அதைக் கழற்றிவிட்டு, இக்காலப் பாராசூட்டை விரித்துக்கொண்டார். 2008-இல் சுவிட்சர்லாந்தில் ஒலிவியே வியெட்டி-டெப்பா சட்டம் இல்லாமல், இக்காலத் துணியில் அதே வடிவத்தைத் தைத்துக் குதித்து, அதிலேயே தரை வரை வந்து சேர்ந்தார். திசை திருப்ப மட்டும் முடியவில்லை.

“இறங்குவது எப்படிப் பறப்பது ஆகும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் நான்காவது, கிளைடர்.

1505 வாக்கில், ஐம்பது வயது தாண்டிய பிறகு, பறவைகள் பறப்பதைப் பற்றி மட்டுமே ஒரு குறிப்பேடு எழுதினார். 18 தாள்கள் கொண்டது. இன்று டூரின் நகரத்தில் இருக்கிறது. அதில் பருந்து சிறகை அடிக்காமல் எப்படி வட்டமிட்டே மேலே போகிறது, காற்று அடித்தால் எந்தச் சிறகைத் தாழ்த்துகிறது, வால் என்ன செய்கிறது என்று பக்கம் பக்கமாகப் பார்க்கிறார். ஆளை உதைக்கச் சொன்னவர், இப்போது காற்றின்மேல் சாய்ந்துகொள்ளப் பார்க்கிறார். ஃபியெசோலே ஊர் அருகே உள்ள செசெரி மலையிலிருந்து ‘பெரிய பறவை’ முதன்முதலாகப் பறக்கும் என்றும் எழுதினார். பறந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் 2002-இல் இங்கிலாந்தில், ஹேங் கிளைடிங் சாம்பியனான ஜூடி லெடன், டா வின்சியின் படங்களைப் பின்பற்றிக் கட்டிய கிளைடரில் பறந்துவிட்டார். ரைட் சகோதரர்களும் முதலில் கிளைடரில்தான் பழகினார்கள். எஞ்சின் பிறகுதான் வந்தது.

ஆக, வரைந்தபடியே செய்தால் உடனே வேலை செய்யக்கூடியது பாராசூட். யோசனையாகப் பார்த்தால் என் ஓட்டு கிளைடருக்கு. சிறகுக்கு மூன்றாம் இடம், திருகுக்குக் கடைசி.

வீட்டில் ஒன்றைச் செய்து பார்க்க ஆசையா? பாராசூட்டை எடுங்கள். நான்கு முக்கோணக் காகிதங்களை ஒட்டிப் பிரமிடு செய்து, நான்கு மூலையிலும் நூல் கட்டி, கீழே ஒரு சின்னப் பொம்மையைத் தொங்கவிடுங்கள். பெரியவர் ஒருவரை மாடியிலிருந்து போடச் சொல்லுங்கள். பிறகு உச்சியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு மறுபடி போடச் சொல்லிப் பாருங்கள், ஆட்டம் குறைகிறதா என்று. குதிப்பது பொம்மை மட்டும்தான், சரியா?