பஞ்சாங்கத்தைக் கையில் வைத்து வானம் பார்த்த ஓராண்டு

2025 சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர், மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு புத்தகக் கடையில் விசுவாவசு வருடப் பஞ்சாங்கங்கள் இரண்டை வாங்கினேன். ஒன்று, மனனம் செய்த பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கியம்; மற்றையது, இன்றைய வானியல் கணக்குக்கு ஏற்பத் திருத்திக் கணிக்கும் திருக்கணிதம். இரண்டும் யாழ்ப்பாணத்தில் கணிக்கப்பட்டவை. நம்மவர்கள் பஞ்சாங்கம் வாங்குவது சுபநேரம் பார்க்கவும் விரத நாளை அறியவும்தான். நானோ, தொலைநோக்கி எதுவுமின்றி வெறுங்கண்ணால் சந்திரனையும் கிரகங்களையும் பார்ப்பதற்கு அவை எவ்வளவு உதவும் என்பதை அறியவே வாங்கினேன். இந்த மதிப்பீடும் அந்த ஒரு பயன்பாட்டைப் பற்றியது மட்டுமே.

பார்க்கும் இடத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கல்லடி, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம். 1924 இல் திறக்கப்பட்ட பழைய பாலம் இப்போது நடப்பவர்களுக்கு உரியது. அங்கே நின்றால் பொழுது சாய்ந்த பின்னர் மேற்கே பிறையையும் வெள்ளியையும் காணலாம். அங்கிருந்து கடற்கரைக்கு நடந்து போனால், பூரணைச் சந்திரன் வங்கக் கடலிலிருந்து எழுவதைக் காணலாம். கீழ்வானமும் மேல்வானமும் ஒரு நடைத் தூரத்தில் இப்படி வாய்ப்பது மட்டக்களப்பாருக்குக் கிடைத்த பேறு என்றே நான் கருதுகிறேன்.

சந்திரனைப் பொறுத்தவரை பஞ்சாங்கத்தை விஞ்சிய வழிகாட்டியை நான் கண்டதில்லை. திதி என்பது சூரியனிலிருந்து சந்திரன் விலகும் ஒவ்வொரு 12 பாகை. வானம் ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், 6 பாகை சுழல்கிறது. ஆகவே பூரணைக்குப் பின் கழியும் ஒவ்வொரு திதிக்கும் சந்திரோதயம் ஏறக்குறைய 2 நாழிகை பிந்தும் என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். தேய்பிறைப் பஞ்சமியன்று இரவு பத்து மணியளவில் கடற்கரைக்குப் போனால் போதும் என்பதை இக்கணக்கைக் கொண்டே அறிந்தேன். அது பெரிதாகத் தவறியதில்லை. காத்தான்குடியில் தலைப்பிறை பார்க்கும் மாலைகளில் நானும் பாலத்தில் நின்று திதியின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். துவிதியை நன்கு வளர்ந்த மாலையில் பிறை எளிதாகத் தென்படுகிறது. பிரதமை முடிந்த கையோடு பொழுது சாயும் மாலையில், வானம் தெளிவாக இருந்தாலும் கண் மிகவும் தேட வேண்டியிருக்கிறது.

நட்சத்திரப் பத்தியும் இப்படியே பயன்படுகிறது. சந்திரன் ஒரு நாளில் சுமார் 13 பாகை நகர்வதால், 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை) கொண்ட நட்சத்திரப் பிரிவு ஒன்றை ஏறக்குறைய ஒரு நாளில் கடக்கிறது. கார்த்திகை என்று அச்சிட்ட இரவில் அந்த மீன்கூட்டத்தையும், மகம், சித்திரை என்ற இரவுகளில் அவற்றின் ஒளிமீன்களையும் சந்திரனுக்கு மிக அருகிலேயே கண்டேன். ரோகிணியின் செம்மீன் மட்டும் நீட்டிய கையின் ஒரு முட்டி அகலம், அதாவது ஏறத்தாழ 10 பாகை, தெற்கே தள்ளி நின்றது. கேட்டையின் செம்மீனோ, திருக்கணிதப்படி அனுஷம் முடிவதற்குச் சற்று முன்னரே சந்திரனோடு சேர்ந்துவிடுகிறது. பிரிவு வேறு, அதற்குப் பெயர் தந்த மீன் வேறு என்பதைப் புத்தகம் எங்கும் சொல்வதில்லை, வானம் சொல்லித்தந்தது.

கிரகங்களில்தான் இரண்டு பஞ்சாங்கங்களும் பிரிகின்றன. குரு மிதுனத்துக்குப் பெயர்ந்தது இரண்டிலும் 2025 மே மாதமே, சில நாள் வேறுபாட்டுடன். ஆகஸ்ட் 12 ஆம் திகதி விடியற்காலையில் குருவும் வெள்ளியும் கடலுக்கு மேலே ஒரு பாகைக்கும் குறைந்த இடைவெளியில் நின்றபோது, இரண்டு புத்தகங்களுமே அவற்றை மிதுனத்தில் சேர்த்தே காட்டின. சனியின் கதை அப்படியன்று. திருக்கணிதப்படி அது 2025 மார்ச் 29 இல் மீனத்துக்குள் நுழைந்துவிட்டது. வாக்கியப்படி 2026 மார்ச் வரை கும்பத்தில்தான் இருந்தது.

யார் சொல்வது சரி என்று கண்ணாலேயே பார்க்க ஓர் இரவு வாய்த்தது. 2025 செப்டெம்பர் 7 ஆம் திகதி பூரணையன்று முழுச் சந்திரகிரகணம் நிகழ்ந்தது. பாடும் மீனைக் கேட்பதற்காகப் பாலத்தருகே வந்திருந்த சிலரும் மேலே பார்த்தபடி நின்றனர். இரவு 11 மணிக்குச் சந்திரன் முற்றாகச் சிவந்து, ஒளி அடங்கியதும், அதற்குக் கிழக்கே சனி தெளிவாகத் துலங்கியது. சந்திரன் அப்போது கும்பத்தின் 21 ஆம் பாகையில் இருந்தது. ஒரு ராசிக்கு 30 பாகை. ஆகவே சனியும் கும்பத்திலேயே இருந்திருந்தால், இரண்டுக்கும் இடையிலான தூரம் என் ஒரு முட்டி அகலத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை; முட்டிக்கு மேல் இன்னும் இரண்டு மூன்று விரல்கள் வைக்க இடமிருந்தது. 14 பாகை என்ற திருக்கணிதக் கணக்கே கண்ணுக்கு ஒத்துவந்தது.

இதைக் கொண்டு வாக்கியத்தை இகழ நான் ஒப்பமாட்டேன். சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வந்து மீண்டும் அவ்வாறே அண்மையில் வரும் சுற்றுகள் ஒன்பது 248 நாள்களுக்கு மிக நெருக்கமாக அமைவதைக் கண்டறிந்து, நாளுக்கு ஒரு வாக்கியமாக மனனம் செய்யத் தந்தவர்களின் கூர்மை வணக்கத்துக்குரியது. கோயில் வழக்கத்துக்கு வீட்டில் அதுவும் இருக்கட்டும். ஆனால் நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாத கணக்கில், மெதுவாக நகரும் சனிக்குச் சில பாகை பிசகினாலும் ஓராண்டு பிந்திவிடுகிறது.

குறைகளும் உண்டு. எழுத்து மிகச் சிறியது. கைவிளக்கின் ஒளியில் படிப்பது கடினம். நேரங்கள் சூரிய உதயத்திலிருந்து எண்ணிய நாழிகையில் தரப்பட்டிருப்பதால் மணிக்கு மாற்ற வேண்டும். அந்த உதயமும் யாழ்ப்பாணத்துக்குரியது. மட்டக்களப்பு ஏறத்தாழ 1.7 பாகை கிழக்கே இருப்பதால், இங்கே சராசரியாக 7 நிமிடம் முன்னதாகவே விடிகிறது. கிரகம் எப்போது எழும், எவ்வளவு ஒளிரும் என்ற விவரம் இல்லை. எனினும் அஸ்தமனம், உதயம் என்று குறித்திருக்கும் நாள்களைத் தவறவிடக் கூடாது. குரு அஸ்தமனம் என்றால் திருமணத்துக்கு ஆகாது என்று விட்டுவிடுகிறோம். கிரகம் சூரிய ஒளியில் மறைந்திருக்கிறது, தேடிப் பயனில்லை என்பதே அதன் நேர்ப்பொருள். சூரியனிலிருந்து 28 பாகைக்கு மேல் விலகாத புதனைப் பிடிக்க இக்குறிப்புகளே எனக்கு உதவின.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவமழை வானத்தை மூடிவிடும். அப்போது எந்தப் புத்தகத்தாலும் பயனில்லை. மாசி முதல் ஆவணி வரை நல்ல காலம். பராபவ வருடத்துக்கு வாங்குவோர், வானம் பார்க்கத்தான் என்றால், அட்டையில் திருக்கணிதம் என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். வெறுமனே பஞ்சாங்கம் என்று கேட்டபோது எனக்கு முதலில் எடுத்துத் தரப்பட்டது வாக்கியம்தான்.